மஞ்சள் இலையும் ஒரு கையெழுத்தும்

இப்போதெல்லாம் நம் நர்சரியில் உங்களுக்கு வேலை செல்போனிலேயே ஆரம்பித்துவிடுகிறது. மஞ்சள் இலையைப் படம் பிடித்து அனுப்புகிறார்கள். கீழே 'என்ன உரம் போடலாம்' என்று ஒரு கேள்வி. நீங்களும் சூட்டோடு சூடாக ஏதோ ஒரு உரத்தின் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறீர்கள். போன வாரம் நர்சரிக்கு வந்தபோது இதை என் கண்ணால் பார்த்தேன். ஓய்வு பெற்றவள் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். சோறு இறங்கவில்லை. அதனால் எழுதுகிறேன். திட்டுகிறாளே என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், படித்துவிட்டு நினையுங்கள்.

இலை மஞ்சளாவது ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சல் மாதிரி அது. உள்ளே எதனால் வந்தது என்று தேட வேண்டும். அடியில் ஒன்றிரண்டு கிழ இலை பழுத்தால் அது வயசு, விட்டுவிடுங்கள். நுனி கருகி மொறமொறவென்று மஞ்சளானால் தாகமாக இருக்கலாம், அல்லது ஆர்.ஓ. மெஷினிலிருந்து வரும் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனசில்லாமல் செடிக்கு ஊற்றி உப்பு ஏற்றியிருப்பார்கள். நரம்பு பச்சையாக நின்று நடுவில் மட்டும் வெளிறினால் சத்தைப் பற்றி யோசியுங்கள். தொட்டால் இலை கொழகொழவென்று இருந்து, மண்ணும் ஈரமாக இருந்தால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டுச் செடிகளில் நான் பார்த்த சாவுகளில் முக்கால்வாசி இந்தக் கடைசி ரகம்தான். பசியில் செத்த செடியை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் கேட்பவர்கள் எல்லோரும் உரத்தைத்தான் கேட்கிறார்கள்.

இதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் சொல்ல வருவது வேறு. மஞ்சள் இலைக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் நிற்பான். அவனுக்கு என்ன சொல்லிவிட்டு வருகிறோம் என்பதும் நம் வேலையில் சேர்ந்ததுதான். அதை எனக்குப் புரிய வைத்தது விழுப்புரத்தில் ஒரு வீடு.

அப்போது திண்டிவனம் பைபாஸில் இருந்த நம் நர்சரியிலிருந்து விழுப்புரம் வரைக்கும் வீட்டு விசிட் எல்லாம் என் பொறுப்பு. ஒரு நாள் காலையில் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் செல்வி. குரலில் பதற்றம்.

"மேடம், எங்க வூட்டு ஹால்ல, பனை மாதிரி மட்டை வுடுமே, அந்த பாம் செடி ஒண்ணு இருக்குது. உங்க நர்சரில வாங்குனதுதான். அதே ஒசரத்துல, அதே மாதிரி பச்சையா ஒண்ணு வேணும். இன்னிக்கே வேணும். எங்க அத்தை ஆஸ்பத்திரிலேர்ந்து வர்றதுக்குள்ள மாத்தி வெச்சிடணும்."

எதற்கு என்று கேட்டேன். அழ ஆரம்பித்துவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது.

அவள் கணவன் குமரன், பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். சுகர் உண்டு. செருப்புக் கடித்த புண்ணைக் கவனிக்காமல் விட்டதில் வலது காலில் இரண்டு விரல்கள் கறுத்துவிட்டன. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். இரண்டு விரல்களை எடுத்துவிட்டால் பாதம் தப்பிக்கும், தள்ளிப்போட்டால் கணுக்காலுக்கு மேல் கை வைக்க வேண்டி வரும் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஆபரேஷனுக்கு ஏற்பாடு ஆகிவிட்டது. குமரன் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா வாயால் சரி என்று சொன்னால்தான் போடுவேன் என்கிறான். அப்பா போன பிறகு அவனை ஒண்டியாக நின்று வளர்த்தவள் அந்த அம்மா. அவளோ மாட்டேன் என்கிறாள், வீட்டில் அந்தச் செடி மஞ்சளாகிக்கொண்டு வருகிறதாம்.

"அது குமரன் செடி மேடம். கடை தொறந்தப்ப வாங்குனது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போனதிலேர்ந்து அது மஞ்சளாவுது. எங்க மாமனார் தவறுன வருசமும் வாசல்ல இருந்த செம்பருத்தி இப்டித்தான் ஆச்சாம். இந்த நேரத்துல கத்தி வெச்சா என் புள்ள திரும்ப மாட்டான்னு அத்தை ஒரே புடியா நிக்கிறாங்க. செடி பச்சையா ஆயிட்ச்சின்னு தெரிஞ்சா சரின்னுடுவாங்க. ப்ளீஸ் மேடம்."

நான் நேரில் வந்து பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன். எங்கள் மேனேஜர் நல்ல மனுஷன், ஆனால் எதற்கும் அவசரம். நான் ஸ்கூட்டியை எடுப்பதற்குள் பச்சை நிழல் வலை கட்டிய கொட்டகையிலிருந்து அதே உயரத்தில் ஒரு பாமை எடுத்து லோடு ஆட்டோவில் ஏற்றி எனக்குப் பின்னாலேயே அனுப்பிவிட்டார். "ஒரு கால் போற விஷயம்மா. மாத்திட்டு வா, புண்ணியமாப் போவும்" என்றார்.

வழி நெடுக அதையேதான் யோசித்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்கிறேன், மாற்றிவிடலாம் என்றே பாதி மனசு. ஒரு பொய்யில் ஒரு கால் பிழைத்தால் என்ன குறைந்துவிடும்? விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போதுதான் தொழில் மூளை வேலை செய்தது. கொட்டகை வெளிச்சத்தில் வளர்ந்த செடியைக் கொண்டுபோய் இருட்டு ஹாலில் வைத்தால் என்ன ஆகும்? கொஞ்ச நாளில் அதுவும் இரண்டு மட்டை பழுத்துத் தள்ளும். இடம் மாறினால் செடி அப்படித்தான் பழகும், உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் குமரன் கட்டுப் போட்ட காலோடு ஆஸ்பத்திரியில்தான் கிடப்பான். பச்சையாக இருந்த செடி ஆபரேஷன் முடிந்ததும் மஞ்சளாவதை அந்த அம்மா பார்த்தால்? மருமகளையும் நம்ப மாட்டாள், டாக்டரையும் நம்ப மாட்டாள். கட்டை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றுகூட நிற்பாள்.

தெருவில் ஸ்கூட்டியை நிறுத்தினேன். எனக்கு இந்த வேலையைப் பழக்கிய அக்கா ஒருத்தி எப்போதும் சொல்லுவாள், செடியைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார், வீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் தெருவைப் பார் என்று. பழக்க தோஷத்தில் சுற்றிப் பார்த்தேன். எதிர் வீட்டு வராந்தாவில், கிரில் கம்பிக்குப் பின்னால் ஒரு பாம் செடி தளதளவென்று நின்றுகொண்டிருந்தது. மனசில் குறித்துக்கொண்டு உள்ளே போனேன்.

செல்விக்கு முப்பது வயது இருக்கும். தூக்கம் இல்லாத கண்கள். ஹாலில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. பகலில் வீட்டில் ஆள் தங்குவதே இல்லை, எல்லோரும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருக்கிறார்கள். மூலையில், என் தலைக்கு மேல் உயரத்தில், குமரன் செடி. அடி மட்டைகள் எல்லாம் மஞ்சள், நடுவிலும் வெளிறல். செடிக்கு முன்னால் ஒரு அகல் விளக்கு, குங்குமம். பளபளப்பான பீங்கான் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். மண்ணில் விரலை விட்டேன், சேறு. ஒரு இலையைத் தொட்டேன், துவண்டிருந்தது.

"தண்ணி யார் ஊத்தறது?" என்று கேட்டேன்.

"முன்னல்லாம் அவர்தான் மேடம். வாரத்துக்கு ஒருக்கா ஊத்துவாரு. உள்தொட்டியத் தூக்கி, அடில நிக்கிற தண்ணியக் கொட்டிட்டு வெப்பாரு. இப்ப நான் காலைல ஊத்தறேன். அத்தை ஊத்தறாங்களான்னு தெரியல."

இரண்டு பேருமாகச் சேர்ந்து உள்தொட்டியை வெளியே தூக்கினோம். பீங்கான் தொட்டியில் பாதி அளவுக்குத் தண்ணீர் நின்றது. சாக்கடை நாற்றம். மஞ்சள் கரைந்து, துளசி இலை மிதந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அந்த நேரத்தில்தான் வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "தொட்டிய எறக்கட்டுமா மேடம்?" என்றார்.

செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எறக்கச் சொல்லுங்க மேடம். ஜல்தியா மாத்திடலாம். அத்தை சாயங்காலம்தான் வருவாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கேட் சத்தம் கேட்டது. கையில் ஒயர் கூடையோடு குமரனின் அம்மா நின்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் வர வேண்டியவள் மதியமே பஸ் ஏறி வந்துவிட்டாள். ஒல்லியான, கறுத்த, வெயிலில் காய்ந்த உடம்பு. கெடார் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு வருஷக்கணக்காகப் பாடுபட்டவள் என்று செல்வி போனிலேயே சொல்லியிருந்தாள். ஆட்டோவில் இருந்த பச்சைச் செடியைப் பார்த்தாள். ஹாலில், தொட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருந்த மஞ்சள் செடியைப் பார்த்தாள். அப்புறம் மருமகளை.

"அது இன்னாத்துக்குமா?"

"பக்கத்து வூட்டுக்குன்னு நெனைக்கிறேன் அத்தை" என்றாள் செல்வி. குரல் உடைந்துபோயிருந்தது. ஒரு குழந்தைகூட நம்பாது.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுமா. நீதான செடிக்காரி?"

இந்த மாதிரி நேரத்துக்குப் பயிற்சி கிடையாது. செல்வி கண்ணாலேயே கெஞ்சுகிறாள். பையில் போன் அடிக்கிறது, மேனேஜராகத்தான் இருக்கும். ஆமாம் பக்கத்து வீட்டுக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்த நிமிஷம் கடந்துவிடும். ஆனால் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனிமேல் பொய் சொன்னால் என் வாயிலிருந்து வருகிற வேறு எதையும் அவள் நம்பப் போவதில்லை.

"உங்க செடிக்குப் பதிலா மாத்தி வெக்கத்தான்மா கொண்டாந்தோம். உங்க மருமக பயந்துபோய் கேட்டுச்சி. நான் மாத்தப் போறதில்ல" என்றேன். டிரைவரைப் பார்த்து, "நீங்க கெளம்புங்க" என்றேன்.

செல்வி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்தாள். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அப்ப செடி பொழைக்காதுன்னு உங்களுக்கே தெரிஞ்சி போச்சி. அதான் மாத்தப் பாத்தீங்க" என்றாள். "அவங்க அப்பாவுக்கு மின்னாடியே காட்டுச்சி. இப்பவும் காட்டுது. நான் கத்தி வெக்க வுட மாட்டேன். நாட்டு வைத்தியம் பாத்துக்கறோம்."

அப்போது மட்டும் நான் உரத்தைப் பற்றியும் வேரைப் பற்றியும் பிரசங்கம் செய்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். எதிர் வீட்டு வராந்தா ஞாபகத்துக்கு வந்தது.

"எதுத்த வூட்ல ஒரு பாம் இருக்குதே, அது எங்க வாங்குனது?"

"அதுவா? அதுவும் நம்ம செடிதான். அவங்க வூடு குடி போனப்ப குமரன் இதையே ரெண்டாப் பிரிச்சிக் குடுத்தான்."

"அப்ப அதுவும் குமரன் செடிதானேக்கா. ஒரே வேரு. புள்ளைக்கு ஆவப் போறத காட்டுற செடின்னா அதுவும் மஞ்சளாவணும் இல்ல? அது ஏன் ஆவல?"

எப்போது அம்மாவிலிருந்து அக்காவுக்கு மாறினேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் விறுவிறுவென்று தெருவைத் தாண்டி எதிர் வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். கிரிலுக்குள் கையை விட்டு ஒவ்வொரு மட்டையாகத் தடவினாள். மண்ணைக் கிள்ளிப் பார்த்தாள், பொடிப்பொடியாக உதிர்ந்தது. சத்தம் கேட்டு அந்த வீட்டுக்காரப் பெண் வெளியே வந்தாள்.

"இதுக்கு எப்பமா தண்ணி ஊத்துவ?" என்று இவள் கேட்டாள்.

அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். "கோச்சிக்காதீங்க ஆயா. லீவு அன்னிக்கு ஞாபகம் வந்தா ஊத்துவேன். போன வாரம் அதுவும் ஊத்தல."

திரும்பி வரும்போது அவள் நடை மாறியிருந்தது. ஹாலுக்கு வந்து செடிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். நான் தொட்டியைச் சாய்த்து, செடியை மண்ணோடு மெதுவாக வெளியே இழுத்தேன். வேரில் பாதிக்கு மேல் கறுத்துக் கொழகொழத்திருந்தது. விரலால் உருவினால் தோல் மட்டும் கையோடு வந்தது. நாற்றம் ஹால் முழுக்கப் பரவியது.

"தெனைக்கும் என்னென்ன ஊத்துனீங்கக்கா?"

"கோயில்லேர்ந்து தீர்த்தம் கொண்டாந்து ஊத்துவேன். வெள்ளி, செவ்வாய்ன்னா மஞ்சத் தண்ணி. ஆஸ்பத்திரி போறப்ப ஒரு சொம்பு, வர்றப்ப ஒரு சொம்பு, என் புள்ளையக் காப்பாத்துன்னு வேண்டிக்கினு ஊத்துவேன். இவளும் ஊத்துனாளா?" செல்வி தலையை ஆட்டினாள். ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி ஊற்றியிருக்கிறார்கள்.

"உங்க மல்லாட்டைக் கொல்லைல இப்டித் தண்ணி நின்னா இன்னா பண்ணுவீங்க?"

"நின்னா வேரு அழுவி, செடி மஞ்சளாயிடும். ஓடிப் போய் வரப்ப வெட்டி வடிச்சி வுடுவேன்" என்றாள் உடனே. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மழையில் நின்று மடை வெட்டிய கை அது. அதே கை வீட்டுக்குள் வந்ததும் பயிரை மறந்து சாமியைத்தான் பார்த்திருக்கிறது. பிள்ளை மேல் இருந்த பயத்தைச் சொம்பு சொம்பாக அந்தத் தொட்டியில் ஊற்றியிருக்கிறாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க என்ன இருக்கிறது.

கத்தரியை எடுத்து அழுகிய வேர்களை வெட்ட ஆரம்பித்தேன். அவள் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அழுவுனத வெட்டிட்டா மேல இருக்கறது தப்பிச்சுக்குமா?"

"தப்பிக்கலாம்."

"டாக்டரும் இதத்தான் சொல்றாரு" என்றாள் மெதுவாக. பிறகு மருமகளைப் பார்த்து, "எழுந்து மூஞ்சியக் கழுவு. இப்பவே போய் அவன்கிட்ட கையெழுத்துப் போடச் சொல்றேன்" என்றாள். செல்வி துள்ளி எழுந்தாள். என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். நானும் கிளம்பத்தான் நினைத்தேன். ஆனால் கையில் இருந்த வேரைப் பார்த்தேன். பாதி வேர் போய்விட்டது. பாம் ரகத்துக்கு வேரில் கை வைத்தாலே ஆகாது. மறுநாள் விடிந்தால் இது நிச்சயம் தொங்கும். வார்டில் ஒருத்தரைத்தான் இரவு தங்க விடுகிறார்கள், அது செல்வி. இந்த அம்மா இரவு வீட்டில் படுத்துவிட்டுக் காலையில் எழுந்து இந்தச் செடியைத்தான் முதலில் பார்ப்பாள். ஆபரேஷன் அன்று காலையில். இந்தப் பக்கம் வேரை வெட்டியதையும் அந்தப் பக்கம் விரலை வெட்டுவதையும் அவளே முடிச்சுப் போட்டுவிட்டாள். செடி தலை சாய்ந்து கிடப்பதைப் பார்த்தால் நேராகப் போய் தியேட்டர் வாசலில் நின்று மகனைத் தடுப்பாள்.

சொல்லாமல் போனால் இன்றைக்குச் சம்மதம் கிடைக்கும், நாளைக்கு உடையும். சொன்னால் இன்றைக்கே உடையலாம். இரண்டில் எது பெரிய ஆபத்து என்று அங்கே நின்று யோசித்தேன்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கேட்டுட்டுப் போங்க" என்றேன். "நாளைக்குக் காலைல இந்தச் செடி தொங்கிடும்."

வாசல் வரை போனவள் நின்றுவிட்டாள். செல்வி எனக்குப் பின்னாலிருந்து, "மேடம், வேணாம்" என்றாள்.

"பாதி வேரை வெட்டிட்டேன். மீதி வேரால இவ்ளோ மட்டைக்கும் தண்ணி ஏத்த முடியாது. அதனால தொங்கும். இது நான் வெட்டுனதால ஆவறது. உங்க புள்ளைக்கும் அதுக்கும் சம்பந்தம் கெடையாது. எதுத்த வூட்டுச் செடி நாளைக்கும் பச்சையாத்தான் இருக்கும், போய்ப் பாத்துக்கங்க."

"தொங்கிட்டு அப்பறம் எழுந்துக்குமா?"

"சிலது எழுந்துக்கும். சிலது எழுந்துக்காது. இது எதுன்னு எனக்குத் தெரியாதுக்கா. செத்தாலும் சாவும். நான் செடிக்காரி, செடியப் பத்தித்தான் சொல்ல முடியும். கால் பத்தி டாக்டரக் கேளுங்க, செடியக் கேக்காதீங்க."

அவள் முகத்தில் இருந்த தெளிவு எங்கேயோ போய்விட்டது. திரும்பி வந்து பழையபடி தரையில் உட்கார்ந்தாள். செடியையே பார்த்தாள். நான் பழுத்த மட்டைகளைக் கழித்து, சின்னத் தொட்டியில் காய்ந்த புது மண்ணில் செடியை நட்டேன். ஜன்னலைத் திறந்து வெளிச்சம் படும்படி, வெயில் நேராக விழாதபடி வைத்தேன். மண் காயும் வரை தண்ணீர் வேண்டாம் என்று சொன்னேன். பீங்கான் தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். அத்தனை நேரமும் அவள் தரையை விட்டு எழுந்திருக்கவில்லை.

கேட் வரைக்கும் செல்வி வந்தாள். "அப்பவே சரின்னு சொல்லிட்டாங்களே மேடம். கூடையகூட எடுத்துட்டாங்க. நீங்க காரியத்தையே கெடுத்துட்டீங்க" என்றாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ரோட்டில் எப்படி வண்டி ஓட்டினேன் என்று இன்றும் நினைவில்லை.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. போன் செய்து கேட்கத் தைரியம் இல்லை. மேனேஜர், "அந்தக் கால் விஷயம் என்னாச்சும்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு நர்சரியில் தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றப் போய், கூட வேலை செய்தவளிடம் திட்டு வாங்கினேன். தினமும் போன் மணி அடித்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். செல்வியிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் செய்தது தப்புதான் என்று மெல்ல மெல்ல முடிவுக்கே வந்துவிட்டேன்.

உங்களுக்கு இதிலிருந்து நான் சொல்வது ஒன்றுதான். ஒரு வீட்டுக்குப் போய்ச் செடியில் கை வைத்தால், நாளைக்கு அது எப்படி இருக்கும் என்பதைச் சொல்லாமல் படி இறங்காதீர்கள். தொட்டி மாற்றினால் தொங்கும், வெட்டினால் வாடும், இடம் மாற்றினால் பழுக்கும். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வருவது சுலபம், கேட்கிறவர்களுக்கும் இனிக்கும். நம் முதுகுக்குப் பின்னால் அந்த இலை வாடும்போது அவர்கள் தனியாக நிற்பார்கள், பயம் அங்கேதான் வந்து பிடிக்கும். இதைச் சொன்னதால் வாடிக்கையாளர் போனாலும் போகட்டும். நான் இழந்திருக்கிறேன், அதனால் எனக்குச் சோறு நின்றுவிடவில்லை.

சில வாரங்கள் கழித்து ஒரு போன் வந்தது. புது நம்பர்.

"செடிக்காரம்மாவா? நான் குமரன் அம்மா பேசறேன்."

"சொல்லுங்கக்கா" என்றேன்.

"அந்தச் செடி எழுந்துக்கவே இல்லமா. எடுத்துப் போட்டுட்டோம். வேற ஒண்ணு கொண்டாந்து வெச்சிட்டுப் போ. எவ்ளோ தண்ணி ஊத்தணும்னு குமரன்கிட்டயே சொல்லிட்டுப் போ, என்கிட்ட சொல்லாத. நான் ஊத்திடுவேன்."

"குமரன் எப்டி இருக்காருக்கா?"

"கட்டுப் பிரிச்சாச்சி. ரெண்டு வெரலோட போச்சி. கைத்தடி வெச்சிக்கினு கடை வரைக்கும் போய் வர்றான். வூட்ல உக்காருடான்னா கேக்க மாட்டேன்றான்."

நான் அழுவது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"ஆபரேசன் அன்னிக்கு எழுந்து வந்து பாத்தேன். நீ சொன்னாப்பலயே எல்லா மட்டையும் தொங்கிக் கெடந்துச்சி. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அப்டியே நின்னேன். அப்பறம், இதத்தான் அவ நேத்தே சொல்லிட்டாளேன்னு கதவப் பூட்டிக்கினு, அவன கையெழுத்துப் போடச் சொல்ல பஸ் ஏறிட்டேன்."